வங்க நாடகமும் நம் சங்க மேடையும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



வங்க நாடகத்திற்கு வித்திட்டவர் முதலில் நம் சென்னையில் வாழ்ந்தவர் என்றால் நம்மிற் பலர் வியக்கக்கூடும். கெராசிம் லெபெதெவ் என்னும் ருசிய நாட்டு இசைவாணர் 1785 இல் சென்னைக்கு வந்து, ஈராண்டு தங்கித் தமிழும் சிறிது கற்றார். பின்னர் கல்கத்தா சேர்ந்து, 1795 இல் ஓர் ஆங்கில நாடகத்தை வங்க மொழியிற் பெயர்த்து, வங்க நடிகர் நடிகையரைக் கொண்டே மேடையேற்றினார்.

ஆயினும் அஃது இரவல் நாடகமே. பின்னரும் நெடுங்காலம் நாடகக் கலை செல்வர் மாளிகைகளிலேயே அடைபட்டுக் கிடந்தது. 1872 டிசம்பரில் நேஷனல் தியேட்டர் குழுவினர் தீனபந்து மித்ராவின் 'நீல் தர்ப்பண்' நாடகத்தை டிக்கெட் விற்று நடத்தினர். அவுரி பயிரிடக் கட்டாயப்படுத்தப்பட்ட உழவரின் துயரத்தை, காசு கொடுத்த எவரும் அமர்ந்து காண முடிந்தது. 1943 பஞ்சத்தில் இந்நகரத்து நடைபாதைகளில் மக்கள் மடிந்தனர். மறு ஆண்டே பிஜன் பட்டாச்சார்யா எழுதிய 'நபான்ன' நாடகத்தை இந்திய மக்கள் நாடக மன்றத்தார் அரங்கேற்றினர். 1959 இல் மினர்வா அரங்கில் உத்பல் தத்தின் 'அங்கார்' நடந்தது. சுரங்கத்துள் வெள்ளம் புகுந்து தொழிலாளர் மூழ்கும் காட்சியைத் தபஸ் சேன் விளக்கொளியாலேயே தோற்றுவித்தார். ஒரு சொட்டு நீர் இல்லை! நிலக்கரி வாகன்களுக்குக் கணக்கெழுதிய நம்மவர் கண்டிருக்க வேண்டிய நாடகம் அது.

நம் மேடைக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் நாம் நடித்த நாடகம் சென்னையிலிருந்து தருவித்தது; மயிலாப்பூர் வீட்டுக்காரருக்கும் குடித்தனக்காரருக்கும் சண்டை. முன்வரிசைப் பெரியவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பின்னால் இருந்த பிள்ளைகளோ, எதற்குச் சிரிக்கிறார்கள் என்று ஒருவரையொருவர் வங்காளியில் கேட்டுக்கொண்டார்கள். அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தடுமாறும் பிள்ளையும் காதால் கேட்டால் புரிந்துகொள்கிறான். அந்தக் காதும் நம்மை விட்டுப் போனால் இக்கூடத்தில் யாருக்கு விழா எடுப்பது?

எழுத ஆளில்லை என்கிறார்கள். கிரீஷ் சந்திர கோஷ் ஆங்கிலக் கம்பெனியிற் கணக்கெழுதியவர். 'ஏவம் இந்திரஜித்' இயற்றிய பாதல் சர்க்கார் நகரமைப்புப் பொறியாளர். நம் பம்மல் சம்பந்த முதலியாரும் வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் இருந்துகொண்டேதான் நாடகங்கள் எழுதினார். அலுவலகம் செல்வோர்க்கு நாடகம் ஆகாது என்று எவர் சொன்னார்?

லேக் மார்க்கெட் பூக்கடையில் பேரம் பேசும் பாட்டி பாதித் தமிழும் பாதி வங்காளியுமாகப் பேசுகிறாள். காப்பிப் பொடி அரைக்கும் கடையில் நிற்கும் வங்க நண்பர் சிக்கரி வேண்டாம் என்று தமிழிலேயே சொல்கிறார். பணி ஓய்வு பெற்றவர் ஊருக்குத் திரும்புவதா, பேரப்பிள்ளைகளோடு இங்கேயே இருப்பதா என்று இரவெல்லாம் விழித்திருக்கிறார். இவற்றுள் ஒன்றை வைத்து அடுத்த ஆண்டு இருபது நிமிட நாடகம் போடுவோம். திரைச்சீலை வேண்டாம், இரண்டு நாற்காலி போதும். வங்காளி பேசும் பாத்திரம் வங்காளியிலேயே பேசட்டும். முதற் காட்சியை நாம் எழுதிக் கொணர்ந்திருக்கிறோம். பிழை திருத்தத் தமிழாசிரியரும், பாட்டியாக நடிக்க ஒரு தாயாரும் வேண்டும். ஞாயிறு மாலைகளில் ஒத்திகைக்கு இக்கூடம் கிடைக்குமா என்று செயலாளர் அவர்கள் இன்றே சொல்லிவிட்டால் நலம்.