பூகோளம் படித்து என்ன செய்வது?
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

நான் அக்கரைக்காரன். செபராங் பிறையில் ஒரு தோட்டப் பள்ளி ஆசிரியன். "பத்து நிமிஷம் பேசுங்க சார், போதும்" என்று தலைமையாசிரியர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஆகவே ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். அது என் கேள்வியல்ல, ஒரு தாயின் கேள்வி.

என்னிடம் ஆறாம் ஆண்டு படித்த ஒரு பெண், இப்போது புவியியலில் இளங்கலை முடித்துவிட்டு, அதிலேயே முதுகலை படிக்க வேண்டும் என்கிறாள். அவளுடைய தாயார் என் வீட்டுக்கே வந்துவிட்டார். "சார், பூகோளம்னா மலை, ஆறு, ஊர்ப் பேருதானே? அதுக்கு இவ்வளவு வருஷம் படிச்சது போதாதா? நீங்க சொன்னா கேப்பா" என்றார்.

நான் சொன்னால் கேட்பாளா என்பது சந்தேகம். ஆறாம் படிவம் முடித்தபோது, "ஆசிரியர் பயிற்சிக்குப் போம்மா, அதுதான் நிச்சயமான சோறு" என்று அவளுக்குப் புத்தி சொன்னவன் நான்தான். பயிற்சிச் சான்றிதழோடு நின்றுவிட்டவனுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதானே! நல்ல வேளை, அவள் கேட்கவில்லை. இந்த முறை வாயைத் திறக்கும் முன் விசாரித்துப் பார்த்தேன்.

இளங்கலையில் பிறர் கண்டறிந்ததைப் படித்துத் தேர்வு எழுதுகிறோம். ஆய்வு முதுகலை அப்படியல்ல. தானே ஒரு கேள்வியை எழுப்ப வேண்டும். மேற்பார்வையாளரான பேராசிரியர் ஒருவர் வழிகாட்டுவார். பழைய வரைபடங்களையும் துணைக்கோள் படங்களையும் ஒப்பிட்டு, வெயிலிலும் மழையிலும் இடத்துக்கே போய்ப் பார்த்து, ஆட்களிடம் கேட்டு, ஆய்வேடு எழுதி, வல்லுநர்கள் முன்னால் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். ஊர்ப் பெயரை மனப்பாடம் செய்கிற வேலை இல்லை அம்மா, அந்த ஊர் ஏன் அங்கே உண்டானது, ஏன் காலியானது என்று கேட்கிற வேலை.

நம் கதையையே பாருங்கள். 'மலாயாவில் இந்தியர்கள்' என்று பொருள்படும் பெயரில் 1969-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் ஓர் ஆங்கில நூலை வெளியிட்டது. 1786 முதல் 1957 வரை நம்மவர்கள் இங்கே எப்படி வந்தார்கள், எங்கெங்கே குடியேறினார்கள் என்பதைச் சொல்லும் நூல் அது. எழுதியவர் கெர்னியல் சிங் சந்து. அவர் வரலாற்று ஆசிரியரும் அல்லர், அரசியல்வாதியும் அல்லர். புவியியலாளர்! பின்னர், 1972 முதல் இருபது ஆண்டுகள் சிங்கப்பூரின் தென்கிழக்காசிய ஆய்வுக் கழகத்துக்கு இயக்குநராக இருந்தார். நம் பாட்டன்மார் காடு வெட்டியதும் பால் மரம் சீவியதும் உலகம் மதிக்கும் ஆய்வாக நின்றதற்கு ஒரு பூகோளக்காரர் காரணம். எனக்கே இது அண்மையில்தான் தெரிந்தது. வெட்கத்தோடு சொல்கிறேன்.

அந்தக் கதை 1957-உடன் முடிந்துவிட்டதா? எங்கள் அக்கரையில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்பு இருந்தது. பிறகு ரப்பர் வந்தது, அதன் பிறகு செம்பனை. பத்து காவானில் இன்று தொழிற்சாலைகள் நிற்கின்றன. 2014-இல் இரண்டாம் பாலமும் அங்கேதான் வந்து இறங்கியது. நிலம் நாலு தடவை சட்டை மாற்றிக்கொண்டது. லயத்தில் இருந்தவர்கள் எங்கே போனார்கள்? எந்தத் தாமானில், எந்த அடுக்குமாடியில், பிள்ளைகளின் பள்ளிக்கு எத்தனை மைல் தள்ளி இருக்கிறார்கள்? இதைத்தான் அந்தப் பெண் ஆராயப் போகிறாளாம்.

வேலை கிடைக்குமா என்றால், நகரத் திட்டமிடல், வடிகால், நில அளவை என்று இடங்கள் உண்டு. 2017 நவம்பரில் பினாங்கில் வெள்ளம் வீட்டுக்குள் புகுந்ததை நாம் மறக்கவில்லை. எங்கே கட்டலாம், எங்கே கட்டக்கூடாது என்று சொல்ல ஆள் வேண்டாமா? ஆனால் உடனே வேலை நிச்சயம் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். பகுதி நேரமாகவும் படிக்கலாம். பகலில் வேலை, இரவில் ஆய்வு. கஷ்டந்தான்.

இடம் தொலைவிலும் இல்லை. ஒரு காலத்தில் பிரிட்டிஷ் படை முகாமாக இருந்த மிண்டனில், 1969-இல் பினாங்குப் பல்கலைக்கழகமாகத் தொடங்கிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1971-லேயே வேலை பார்ப்பவர்களுக்காக வெளிவளாகப் படிப்பைத் தொடங்கிய இடம் அது. அதன் விண்ணப்பப் பாரத்தை நானும் எடுத்து வந்து மேசைக்குள் வைத்திருக்கிறேன். என் மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை. இங்கே யாரும் சொல்லிவிடாதீர்கள்!

தாயாரிடம், "போகட்டும்மா, என் முதல் புத்தி தப்பு" என்று சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "செலவுக்கு வழி பாத்துட்டுச் சொல்றேன் சார்" என்று எழுந்து போனார்.

ஒரு வேண்டுகோள். 1973 வரை ஓடிய ரஜூலா கப்பலில் வந்து இந்தத் துறைமுகத்தில் இறங்கிய பெரியவர்கள் யாரேனும் இங்கே இருக்கலாம். உங்களை எந்தத் தோட்டத்துக்குக் கொண்டு போனார்கள், அங்கிருந்து எங்கே வந்தீர்கள் என்று அந்தப் பெண் கேட்க விரும்புகிறாள். இன்று ஃபெரியில் என்னோடுதான் வந்தாள். அதோ, வாசல் பக்கம் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். தேநீர் வேளையில் ஐந்து நிமிடம் அவளிடம் பேசுங்கள்.