புள்ளியைப் பாருங்கள், லேசரை அல்ல

அறிவியல் கண்காட்சிக்காக உங்கள் பிள்ளை லேசர் விளக்கைக் கையில் எடுத்துவிட்டானா? முதலில் அதைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். துணி கிளிப்பில் கவ்வவைத்து மேசையோடு கட்டிவிடலாம். ஒளி கண் மட்டத்துக்குக் கீழேயே போகட்டும். எதிரே பளபளப்பில்லாத அட்டை. புள்ளி மங்கலாக இருந்தால் லேசரை அணைத்துவிட்டு முனை லென்ஸைக் கொஞ்சம் திருகுங்கள், பிறகு போட்டுப் பாருங்கள். பார்க்க வேண்டியது அட்டையில் விழும் புள்ளியை. லேசரின் வாயை அல்ல.

பூதக்கண்ணாடி வெயிலைக் குவித்துக் காகிதத்தைப் பொசுக்குமே, லேசர் கண்ணுக்குள் போனால் அந்த வேலையைத்தான் கண்ணின் லென்ஸ் விழித்திரையில் செய்யும். வலிகூடத் தெரியாது. வாங்கும்போதே 1 மில்லிவாட்டுக்கு உட்பட்டதா என்று கேளுங்கள். மேசையில் எவர்சில்வர் டம்ளர் இருந்தால் எடுத்துவிடுங்கள். அதில் பட்டுத் திரும்புவதும் லேசர்தான்.