பறக்காமல் போன விமானம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"எதைப் பத்திப் பேசப் போறீங்க?" என்று செயலாளர் கேட்டார். "பொம்மை விமானம்" என்றேன். சிரித்தார், ஆனாலும் ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்.

எனக்குச் சொந்த ஊர் பரங்கிப்பேட்டை. 1781 ஜூலை 1-ஆம் தேதி ஹைதர் அலியும் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டும் மோதிய ஊர். அன்று வென்றது கூட்டின் படை. "ஹைதர் ஜெயிச்சிருந்தா என்னடா ஆயிருக்கும்?" என்று வெள்ளாற்றங்கரையில் உட்கார்ந்து நாங்கள் பேசாத நாளில்லை. இப்போது அதே மாதிரிக் கேள்வியைப் பிளாஸ்டிக்கில் கேட்கிறேன்.

சிங்கப்பூர் மாமா ஒவ்வொரு விடுமுறைக்கும் விமான மாடல் பெட்டி வாங்கி வருவார். ஓய்வு பெற்ற பிறகு அவற்றைப் பரணிலிருந்து இறக்கினேன். ஹன்டருக்குச் சக்கரம் இல்லை. மிராஜுக்கு வால் இல்லை. நானே பின்னாளில் வாங்கிய ஜாகுவார் பாதியில் நின்றிருந்தது. தனித்தனியாக எதுவும் தேறாது. மூன்றையும் அறுத்து ஒட்டி, உலகத்தில் இல்லாத விமானம் ஒன்றைச் செய்தேன். அதுதான் மேஜைமேல் இருப்பது. "இந்த வயசுல இதெல்லாம் தேவையாங்க?" என்று கேட்ட என் மனைவிதான் எம்-சீல் பிசைந்து கொடுத்தார்.

இதன் கதை பெங்களூரில் தொடங்குகிறது. 1956-ல் இந்தியா வந்த ஜெர்மன் வடிவமைப்பாளர் குர்ட் டாங்க், நம் எச்.ஏ.எல். பொறியாளர்களோடு சேர்ந்து உருவாக்கியது எச்.எஃப்.-24 மாருத். 1961 ஜூன் 17-ல் முதன்முதலாகப் பறந்தது. ஒலியைப்போல் இரு மடங்கு வேகம் என்பது குறி. அதற்கு நினைத்திருந்த ஆர்ஃபியஸ் எஞ்சின் சுமார் 8,000 பவுண்ட் உந்துவிசை தருவது. அந்தத் திட்டத்தைப் பிரிட்டன் கைவிட்டது. செலவை ஏற்க நாமும் முன்வரவில்லை. கடைசியில் 4,850 பவுண்ட் தரும் எஞ்சின் இரண்டைப் பொருத்தினார்கள். ஒலி வேகத்தை எட்டவே அது திணறியது. எகிப்து எஞ்சினைப் பொருத்திப் பார்த்ததும் கைகூடவில்லை. வேகம் கூட்டும் முயற்சியில், 1970 ஜனவரி 10 அன்று, மாருத்தை முதலில் பறக்கவிட்ட விமானி சுரஞ்சன் தாஸ் உயிரையே கொடுத்தார்.

சரியான எஞ்சின் கிடைத்திருந்தால்? அதுதான் என் மாடல். 1:72 அளவில் நீளம் 22 சென்டிமீட்டர். மூக்கும் காற்று வாயும் மிராஜிலிருந்து, இறக்கை ஹன்டரிலிருந்து, பின்புறக் குழாய் இரண்டும் ஜாகுவாரிலிருந்து. ஆனால் இஷ்டத்துக்கு ஒட்ட முடியாது. ஒன்றை மாற்றினால் அதன் விளைவையும் ஏற்க வேண்டும். எஞ்சின் பெரிதானால் வால்பகுதி பருக்கும். எண்ணெய் அதிகம் குடிக்கும். அதற்கு இறக்கையின்கீழ் கூடுதல் டாங்க் வேண்டும். பழைய ஒட்டுப்படங்கள் பொடிந்துவிட்டதால் மூவண்ண வட்டத்தைக் கவராயம் வைத்து வரைந்தேன்.

இதைச் செய்யும்போதுதான் ஒன்று உறைத்தது. விடுதியில் எல்லோரிடமும் "பைலட் ஆகப் போறேன்" என்று பீற்றிக்கொண்டவன் நான். மருத்துவச் சோதனையில் கண் என்னைக் கவிழ்த்தது. "எங்கடா உன் ஏரோப்ளேன்?" என்று கேட்பீர்களே என்ற கூச்சத்தில் இருபது வருஷம் இந்தச் சந்திப்புக்கே வரவில்லை. முப்பத்திரண்டு வருஷம் பள்ளியில் பௌதிகம் நடத்தினேன். அதையும் ஏதோ குறையாகவே நினைத்திருந்தேன்.

ஆனால் மாருத்தைப் பாருங்கள். நினைத்த எஞ்சின் வராவிட்டாலும் 147 விமானங்கள் கட்டினார்கள். 1971 டிசம்பரில் ராஜஸ்தான் எல்லையில் அந்தச் சின்ன எஞ்சினோடுதான் போய்ச் சண்டையிட்டன. ஒன்று இன்றும் பெங்களூர் விசுவேசுவரய்யா அருங்காட்சியகத்தில் நிற்கிறது. போய்ப் பாருங்கள்.

தம்பி தங்கைகளே, "இப்படி நடந்திருந்தால்" என்று தாராளமாகக் கேளுங்கள். கேட்டுவிட்டுப் பெருமூச்சு விடாமல், ஏன் நடக்கவில்லை என்று தேடுங்கள். நண்பர்களே, நீங்கள் கேட்ட ஏரோப்ளேன் இதோ இருக்கிறது. வந்து கையில் எடுத்துப் பாருங்கள்; வாலை மட்டும் பிடிக்காதீர்கள், எம்-சீல் இன்னும் சரியாகக் காயவில்லை.