தங்குவதா, திரும்புவதா?

(விடுமுறையில் ஊர் வந்திருந்த சபுராளிகளும் கடைவீதி வணிகர்களும் கூடிய நிகழ்ச்சியில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

அளவற்ற அருளாளன், நிகரற்ற அன்புடையோன் அல்லாஹ்வின் திருப்பெயரால்...

 

கொரோனா என்ற கொள்ளை நோய் உலகை உலுக்கி ஓய்ந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 11 அன்று அதைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. 2023 மே 5 அன்று அவசர நிலை முடிந்தது என்றும் சொல்லிவிட்டது. "முடிந்துபோன கதையை இப்போது ஏன் பேச வேண்டும்?" என்று நீங்கள் கேட்கலாம். முடிந்தது நோய்தான் சகோதரர்களே! அது நம்மிடம் கேட்டுச் சென்ற கேள்விக்கு நாம் இன்னும் பதில் சொல்லவில்லை.

2020 ஏப்ரலில் ஓர் இரவு, துபாயில் தேரா பகுதியிலிருந்து ஒரு தம்பி எனக்குத் தொலைபேசியில் பேசினார். ஒரு அறையில் பன்னிரண்டு பேர். கடை மூடிக் கிடக்கிறது. சம்பளம் இல்லை. "ஹஜ்ரத், ஊருக்கு வர வழி கிடைத்தால் வரட்டுமா? இங்கேயே இருக்கட்டுமா? மார்க்கம் என்ன சொல்கிறது?" என்று கேட்டார்.

நான் யோசிக்கவே இல்லை. கொள்ளை நோய் உள்ள ஊருக்குள் நுழையாதீர்கள், நீங்கள் இருக்கும் ஊரில் அது வந்துவிட்டால் அதற்குப் பயந்து வெளியேறாதீர்கள் என்ற கருத்தில் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள நபிமொழியைச் சொன்னேன். "தம்பி, இருங்கள். அல்லாஹ் போதுமானவன்" என்று கூறித் தொலைபேசியை வைத்துவிட்டேன். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

அவர் இருந்தார். அறையில் நோய் வந்தது, அவருக்கும் வந்தது. அல்லாஹ் குணமாக்கினான். ஆனால் அதே நாட்களில் ஊரில் அவருடைய வாப்பா மவுத்தானார்கள். ஏற்கெனவே படுக்கையில் கிடந்தவர்கள். ஒரே மகன், தந்தையின் ஜனாஸாவைக் கைப்பேசித் திரையில் பார்த்தார். வாப்பா படுக்கையில் கிடப்பதை நான் அவரிடம் கேட்டேனா? கேட்கவில்லை. சர்க்கரை நோய் உண்டா என்று கேட்டேனா? கையில் எத்தனை நாளைக்குச் சாப்பாட்டுக்குப் பணம் இருக்கிறது என்று கேட்டேனா? எதையும் கேட்கவில்லை!

அந்தத் தம்பி இன்றுவரை என்னைக் குறை சொன்னதில்லை. குறை சொல்லாததுதான் என்னை உறுத்துகிறது.

உமர் (ரலி) கேட்டார்கள்; நான் கேட்கவில்லை

ஹிஜ்ரி 18ஆம் ஆண்டை ஒட்டிய காலம். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் சிரியாவை நோக்கிப் பயணம் செய்கிறார்கள். சர்க் என்னும் இடத்திற்கு வந்தபோது, முன்னே கொள்ளை நோய் பரவியிருப்பதாகத் தளபதி அபூ உபைதா (ரலி) அவர்கள் செய்தி சொல்கிறார்கள். உமர் (ரலி) அவர்கள் என்ன செய்தார்கள்? முஹாஜிர்களை அழைத்து ஆலோசித்தார்கள், கருத்து வேறுபட்டது. அன்சாரிகளை அழைத்தார்கள், அவர்களும் வேறுபட்டார்கள். மூன்றாவதாகக் குறைஷிப் பெரியவர்களை அழைத்தார்கள். அவர்கள் ஒரே குரலில் திரும்பிவிடலாம் என்றார்கள். அதன் பிறகே முடிவெடுத்தார்கள்.

அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) கேட்டபோது, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதியின் பக்கமே செல்கிறோம் என்ற பொருளில் உமர் (ரலி) பதில் தந்தார்கள். பள்ளத்தாக்கின் ஒரு பக்கம் பசுமை, மறுபக்கம் வறட்சி என்றால் ஒட்டகத்தை எந்தப் பக்கம் மேய்த்தாலும் அது இறைவன் விதிப்படிதானே என்று விளக்கினார்கள். அதற்குப் பிறகுதான் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) வந்து அந்த நபிமொழியை அறிவிக்க, தாம் எடுத்த முடிவு அதற்குப் பொருந்தியது கண்டு உமர் (ரலி) அல்லாஹ்வைப் புகழ்ந்து மதீனா திரும்பினார்கள்.

அபூ உபைதா (ரலி) அவர்களோ தம் படையினரை விட்டு வர மனமின்றி அங்கேயே தங்கி, அந்த அம்வாஸ் கொள்ளை நோயிலேயே வஃபாத் ஆனார்கள். முஆத் பின் ஜபல் (ரலி) அவர்களும் அதிலேயே மரணித்தார்கள். அடுத்துப் பொறுப்பேற்ற அம்ர் பின் ஆஸ் (ரலி) அவர்கள் மக்களை மலைகளுக்குப் பிரிந்து போகச் செய்தார்கள். ஒருவர் திரும்பினார், ஒருவர் தங்கினார், ஒருவர் மக்களைப் பிரித்து அனுப்பினார். இவர்களில் யாரை நாம் ஈமான் குறைந்தவர் என்று சொல்ல முடியும்?

ஹதீஸ் தடுப்பது நோய்க்கு அஞ்சி ஓடுவதை. வேறு தேவைக்காக வெளியேறுவது கூடும் என்று இமாம் நவவி (ரஹ்) போன்ற அறிஞர்கள் விளக்கியிருக்கிறார்கள். வேலை போனவர், மருந்துக்கு வழியில்லாதவர், பெற்றோரைக் கவனிக்க வேண்டியவர், பரிசோதனை செய்து, வந்த பிறகு தனித்திருந்து, பிறருக்குத் தீங்கு வராமல் திரும்பினால் அது ஓட்டமல்ல. இதை நான் அந்த இரவே சொல்லியிருக்க வேண்டும்.

எந்த நாடு பாதுகாப்பு?

அன்று எல்லோரும் கேட்ட கேள்வி, "எந்த நாட்டில் இருப்பது பாதுகாப்பு?" என்பது. நடந்ததைப் பாருங்கள். துபாயில் 2020 மார்ச் கடைசியில் நம்மவர் வணிகம் செய்யும் தேராவின் அல்ராஸ் பகுதி அடைக்கப்பட்டது. குவைத்தில் ஏப்ரலில் ஜலீப், மஹ்பூலா பகுதிகள் அடைக்கப்பட்டன. கத்தாரில் அதற்கு முன்பே தொழிற்பேட்டைப் பகுதி அடைக்கப்பட்டது. கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியா பகுதியில் நம் மக்கள் நெருங்கி வாழும் அடுக்குமாடிகளைச் சுற்றி முள்கம்பி போடப்பட்டது. சிங்கப்பூரில் தொழிலாளர் விடுதிகளில் இருந்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நோய் தொற்றியிருந்தது என்று 2020 டிசம்பரில் அந்நாட்டு அரசே சொன்னது. விடுதிக்கு வெளியே அதே நாட்டில் நோய் மிகக் குறைவு!

இதிலிருந்து என்ன விளங்குகிறது? நோய் நாட்டைப் பார்த்து வரவில்லை. அறையைப் பார்த்து வந்தது! ஒரே சிங்கப்பூர்தான். தனி வீட்டில் இருந்தவருக்கு ஒரு நிலை, பன்னிரண்டு கட்டில் அறையில் இருந்தவருக்கு வேறு நிலை. சவூதியில் 2020 மார்ச் 30 அன்று, இகாமா இல்லாதவருக்கும் கொரோனா சிகிச்சை இலவசம் என்று மன்னர் ஆணையிட்டார். அதே சவூதியில் 2020 ஜூலையில் மதிப்புக்கூட்டு வரி 5 சதவீதத்திலிருந்து 15 ஆனது. குடும்பத்தில் ஒருவருக்கு மாதம் 100 ரியால் என்று 2017இல் தொடங்கிய கட்டணம் அதே மாதம் 400 ஆனது. மனைவியும் மூன்று பிள்ளைகளும் உடன் இருந்தால் மாதம் 1,600 ரியால்! சிகிச்சைக்கு நல்ல நாடு. குடும்பத்தை வைத்திருக்கக் கடினமான நாடு. இரண்டும் உண்மை.

திரும்பியவர் பட்ட பாடு

அப்படியானால் திரும்புவது எளிதாக இருந்ததா? 2020 மார்ச் 22 முதல் வெளிநாட்டுப் பயணிகள் விமானங்களை இந்திய அரசு நிறுத்தியது. மே 7 அன்றுதான் 'வந்தே பாரத்' விமானங்கள் தொடங்கின. இடையே ஒன்றரை மாதம், இறந்த தகப்பனுக்குக்கூட மகன் வர முடியாத காலம். அதே திட்டத்தின் கீழ் துபாயிலிருந்து வந்த விமானம் ஒன்று 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் ஓடுபாதையைத் தாண்டி விழுந்து உடைந்தது. 21 பேர் இறந்தார்கள். நோய்க்குத் தப்பி வீட்டு வாசலை எட்டியவர்களுக்கு அங்கே மவுத் எழுதப்பட்டிருந்தது.

வந்தவர்கள் திரும்பிப் போகவும் வழி அடைபட்டது. 2020 செப்டம்பரில் சவூதி இந்தியாவுடனான பயணத்தை நிறுத்தியது. 2021 ஏப்ரல் கடைசியில் அமீரகமும் நிறுத்தியது. சவூதி செல்ல மாலத்தீவிலும் நேபாளத்திலும் 14 நாள் தங்கிக் கடன்பட்டுப் போனவர்கள் எத்தனை பேர்! வழக்கமான விமானப் போக்குவரத்து திரும்பியது 2022 மார்ச் 27 அன்றுதான்.

ஆகவே தங்கியவரும் இழந்தார், திரும்பியவரும் இழந்தார். "அப்போதே வந்திருக்கலாமே" என்றும், "அவசரப்பட்டு வந்துவிட்டானே" என்றும் திண்ணையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வதை நிறுத்துங்கள்!

இன்னொன்றும் கசப்பாகச் சொல்கிறேன். திரும்பி வந்தவரை நம் தெருவிலேயே சிலர் "நோயைக் கொண்டு வந்தவன்" என்றார்கள். அவர் வீட்டுக்குத் தண்ணீர் கொடுக்கத் தயங்கினார்கள். அதே 2020இல், தில்லி மர்கஸுக்கு வந்தவர்களைக் காட்டி நம் சமுதாயத்தையே நோய் பரப்பிகள் என்று தூற்றினார்களே, நமக்கு எப்படி வலித்தது? அவர்களைப் பலிகடா ஆக்கினார்கள் என்று ஆகஸ்ட் 21 அன்று மும்பை உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு சொன்னபோது எவ்வளவு ஆறுதல் அடைந்தோம்? நமக்கு வலித்ததை நாமே நம் சகோதரனுக்குச் செய்யலாமா? வாரி அனுப்பியபோது அவர் 'துபாய்க்காரர்', வெறுங்கையோடு வந்தபோது 'நோய்க்காரர்' என்றால் இது என்ன நியாயம்?

இனி என்ன செய்வது?

இன்னொரு நோயோ போரோ வராது என்று யார் உத்தரவாதம் தர முடியும்? 1942இல் பர்மாவிலிருந்து நம் மக்கள் நடந்தே வந்தார்கள். 1990இல் குவைத்திலிருந்து ஒரு லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்கள் விமானங்களில் மீட்கப்பட்டார்கள். ஒவ்வொரு தடவையும் வெறுங்கையோடு வந்தோம். ஒவ்வொரு தடவையும் மறந்துவிட்டோம். எனவே சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, தம்பிமார்களே! சம்பளத்தை மட்டும் பார்த்து நாட்டைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அறையில் எத்தனை பேர், மருத்துவக் காப்பீடு யார் பெயரில், பாஸ்போர்ட் யார் கையில், திரும்பும் டிக்கெட்டுக்குப் பணம் தனியே இருக்கிறதா என்று பாருங்கள். ஆறு மாதம் சம்பளம் வராவிட்டாலும் ஊரில் அடுப்பு எரியுமா என்று கணக்குப் போடுங்கள். தங்குவதா திரும்புவதா என்பதை இடுக்கண் வந்த அன்று யோசிக்காதீர்கள். விசா அடிக்கும் அன்றே யோசியுங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல்.

இரண்டாவது, எழுதி வையுங்கள்! குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதி வைப்பது பற்றியது. ஆனால் நம் வணிகர்களின் கூட்டு வியாபாரம் நம்பிக்கையிலேயே நடக்கிறது. பங்குதாரர் அயல்நாட்டில் மவுத்தாகி அங்கேயே அடக்கமும் ஆகிவிட்டால், இத்தாவில் இருக்கும் அவர் மனைவிக்கு எந்தக் கடையில் எவ்வளவு பங்கு என்று யார் சொல்வது? வரவேண்டியது, கொடுக்கவேண்டியது, அமானிதம், வஸிய்யத் எல்லாவற்றையும் எழுதி, சாட்சி வைத்து, ஒரு பிரதியை ஊரில் வையுங்கள்.

மூன்றாவது, ஜமாஅத்தார்களே! திருமணப் பதிவேடு வைத்திருக்கிறீர்கள், சந்தாப் பதிவேடு வைத்திருக்கிறீர்கள். மஹல்லாவிலிருந்து எத்தனை பேர் எந்தெந்த நாட்டில் இருக்கிறார்கள் என்று ஒரு பதிவேடு உண்டா? பைத்துல்மாலில் திரும்பி வருபவருக்கென வட்டியில்லாக் கடன் ஒதுக்கீடு உண்டா? கடைவீதி வணிகர்களே, ஒவ்வொரு கடையும் ஒருவரை ஏற்றுக்கொண்டால் போதாதா? சபுராளிகள் அனுப்பிய பணத்தில் எழுந்த பள்ளிவாசல், அவர்கள் விழும்போது தாங்க வேண்டாமா?

நான்காவது, உரிமையைக் கேட்டுப் பெறுங்கள். கேரளம் 1996லேயே அயல்நாட்டு மலையாளிகளுக்குத் தனித்துறை அமைத்துவிட்டது. தமிழ்நாட்டில் வெளிநாடுவாழ் தமிழர் நலச் சட்டம் 2011இல்தான் வந்தது. வாரியம் செயலுக்கு வர மேலும் பல ஆண்டுகள் ஆயின. அதில் உறுப்பினராகுங்கள். தூதரகங்களில் 2009 முதல் இந்திய சமுதாய நல நிதி இருக்கிறது. அல்லல்படும் தொழிலாளிக்குத் தங்குமிடமும் டிக்கெட்டும் அதிலிருந்து கேட்கலாம். குடியேற்ற அனுமதி பெற்றுச் செல்லும் தொழிலாளிக்கு 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு உண்டு. இது தெரியாமல் ஜனாஸாவுக்கு வசூல் செய்துகொண்டிருப்பவர்கள் நாம்தான். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லுங்கள்!

கடைசியாக, என் போன்ற ஆலிம்களுக்கும் ஒரு வார்த்தை. இரவில் ஒரு தம்பி கடல் கடந்து அழைத்து, "இருக்கட்டுமா, வரட்டுமா?" என்று கேட்டால் உடனே ஹதீஸைச் சொல்லி வைத்துவிடாதீர்கள். "வாப்பா எப்படி இருக்கிறார்கள்?" என்று முதலில் கேளுங்கள்.

அயல்நாடுகளில் அடக்கமாகிவிட்ட நம் சகோதரர்களுக்கு அல்லாஹ் ஷஹீதுடைய நற்கூலியை வழங்குவானாக! அவர்களின் குடும்பங்களுக்குப் பொறுப்பேற்கும் மனதை நமக்குத் தருவானாக! ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.