கல்வியாண்டு முடியட்டும்



சென்னை வால்டாக்ஸ் சாலைப் பக்கமும் என்.எஸ்.சி. போஸ் சாலைப் பக்கமும் தலைமுறை தலைமுறையாக நடைபாதையிலேயே குடித்தனம் நடத்துகிற குடும்பங்கள் உண்டு. தாத்தா கைவண்டி இழுத்தார், அப்பா மூட்டை தூக்குகிறார், பேத்தி பக்கத்துப் பள்ளியில் ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். காலையில் கடை திறக்கும் முன்பே படுக்கையைச் சுருட்டித் தார்ப்பாயில் கட்டி ஓரமாக ஒதுக்கிவிட வேண்டும். இரவில் ஷட்டர் இறங்கிய பிறகுதான் மறுபடி விரிக்கலாம். வீட்டுப்பாடமும் அதற்குப் பிறகுதான், கடை வாசல் விளக்கு எரிந்தால். மழை தூறினால் ரேஷன் கார்டும் ஆதாரும் புத்தகமும் ஒரே பாலிதீன் பைக்குள் போகும். ஆசிரியர்களே, அந்தப் பிள்ளை மறுநாள் முதல் பாடவேளையில் கண்ணயர்ந்தால் எழுப்பி நிற்கவைக்காதீர்கள். முதலில் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேளுங்கள்.

இந்தப் பிள்ளைகளுக்குச் சட்டம் எதுவுமே இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். இருக்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். வயதுச் சான்று இல்லையென்று சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது பிரிவு 14. சேர்க்கைக் காலம் முடிந்துவிட்டது என்று திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது பிரிவு 15. டி.சி. வரத் தாமதமானால் அதைக் காரணம் காட்டிப் பிள்ளையை நிறுத்திவைக்கக் கூடாது, டி.சி. தராமல் இழுத்தடிக்கும் தலைமையாசிரியர் மீது ஒழுங்கு நடவடிக்கை உண்டு என்கிறது பிரிவு 5. பிழைப்புத் தேடி இடம்பெயர்ந்து வந்தவர்களின் பிள்ளைகளைச் சேர்ப்பது உள்ளாட்சியின் கடமை என்று பிரிவு 9 சொல்கிறது. இவ்வளவும் எழுத்தில் இருக்கும்போது, ஒரு தாய் கைக்குழந்தையோடு பள்ளிக் கதவருகே நின்று, "அட்ரஸ் ப்ரூஃப் எடுத்துட்டு வாம்மா" என்ற ஒரே வாக்கியத்தைக் கேட்டுத் திரும்பிப் போகிறாள் என்றால் நமக்குக் கோபம் வர வேண்டாமா?

ஆனால் சட்டத்தில் ஓட்டையும் உண்டு. அது 6 வயது முதல் 14 வயது வரைதான் கைபிடிக்கும். ஒன்பதாம் வகுப்பில் கைவிட்டுவிடும். இன்னொன்று, வேறு பள்ளிக்கு மாறலாம் என்று சொல்கிற சட்டம், வீடு பறிபோன பிள்ளை தன் பழைய பள்ளியிலேயே தொடர வழிசெய்யவில்லை. நான் இன்று பேச வந்தது இதைப் பற்றித்தான்.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையிலிருந்தும் கூவக்கரையிலிருந்தும் குடும்பங்களைப் பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்புக்கு அனுப்பினார்கள். கல்வியாண்டின் நடுப்பகுதி அது. 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தபோது, தமிழகமெங்கும் பொதுத்தேர்வு நடந்துகொண்டிருந்தது. நகருக்குள் பிறந்து வளர்ந்த பிள்ளையை 20 கிலோமீட்டருக்கும் அப்பால் கொண்டுபோய் இறக்கிவிட்டு, இதோ உனக்கு அடுக்குமாடி வீடு என்கிறோம். தொடக்கப் பள்ளி வீட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள்ளும் நடுநிலைப் பள்ளி 3 கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும் என்று விதி எழுதியதும் இதே அரசுதான்!

பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்ட, ஒன்பதாவது படிக்கிற ஒரு பெண்ணைச் சந்தித்தேன். பழைய பள்ளியை விட மனமில்லை. விடியுமுன் எழுந்து, தலைவாரி, இருட்டிலேயே பஸ் நிறுத்தத்துக்கு வருகிறாள். பஸ் இலவசம்தான், நேரம் இலவசம் இல்லையே. மாலையில் வீடு திரும்பும்போது விளக்கு வைத்துவிடுகிறார்கள். அவளுடைய தம்பி இரண்டு மாதம் அப்படிப் போய்வந்தான், பிறகு மெக்கானிக் ஷெட்டுக்குப் போய்விட்டான். பள்ளிப் பதிவேட்டில் இப்படிப்பட்ட பையனை 'இடைநின்றவன்' என்று குறிப்பார்கள். அவனாக எங்கே நின்றான்? நாமல்லவா நிறுத்தினோம்!

1985இல் பம்பாய் நடைபாதைவாசிகளின் வழக்கான ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாழ்வாதாரமும் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று சொன்ன அதே தீர்ப்பு, அகற்றுவதைத் தடுக்கவில்லை. அதில் எனக்கு நிறைய வருத்தம் உண்டு. ஆனாலும் மழைக்காலம் முடிந்து ஒரு மாதம், அதாவது அக்டோபர் 31 வரை, யாரையும் அகற்றாதீர்கள் என்று அவகாசம் கொடுத்தது. மழைக்காகப் பொறுக்க முடிந்தால் படிப்புக்காகப் பொறுக்க முடியாதா? ஜூன் தொடங்கி ஏப்ரல் வரை எந்தக் குடியிருப்பையும் அகற்றாதீர்கள், பொதுத்தேர்வு எழுதும் பிள்ளை இருந்தால் கடைசித் தேர்வு முடியும்வரை தொடாதீர்கள் என்று அரசாணை போட என்ன தடை?

பழைய பள்ளியிலேயே தொடர வழிசெய்யும் சட்டமும் அமெரிக்காவில் இருக்கிறது. 1987இல் பிறந்த மெக்கினி–வெண்டோ சட்டத்தின்படி இன்று வீடிழந்த பிள்ளைக்குப் பழைய பள்ளியிலேயே தொடரும் உரிமை உண்டு. போய்வர வாகன ஏற்பாட்டைப் பள்ளி நிர்வாகம் செய்ய வேண்டும். ஒவ்வொரு கல்வி மாவட்டத்திலும் இதற்கென ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும். உறவினர் வீட்டு மூலையில் ஒண்டியிருக்கும் பிள்ளையையும் வீடற்றவராகவே அந்தச் சட்டம் கணக்கில் எடுக்கிறது. காலைச் சிற்றுண்டியைப் பள்ளிக்குள் கொண்டுவந்த தமிழ்நாட்டுக்கு இது எட்டாத காரியமா? பெரும்பாக்கத்திலிருந்தும், அதைப் போன்றே மறுகுடியமர்வுப் பகுதியான கண்ணகி நகரிலிருந்தும் காலையில் பழைய பள்ளிகளை நோக்கிச் சில தனிப் பேருந்துகள் புறப்படட்டும். முதலில் அதைச் செய்யுங்கள்.

மாமன்ற உறுப்பினர்களே, உங்கள் வார்டில் ஒரு குடியிருப்பை அகற்ற நோட்டீஸ் ஒட்டும் நாளிலேயே அங்கே எத்தனை பிள்ளைகள், எந்த வகுப்பு, எந்தப் பள்ளி என்ற பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். அந்தப் பட்டியல் கைக்கு வரும்வரை பொக்லைன் உள்ளே நுழையக் கூடாது என்று மன்றத்தில் எழுந்து பேசுங்கள்.

தலைமையாசிரியர்களே, நாளைக் காலை உங்கள் அறை வாசலில் காகிதம் எதுவுமில்லாமல் ஒரு பிள்ளை வந்து நிற்கலாம். சேர்க்கைப் பதிவேட்டில் முகவரி கேட்கும் இடத்தில், இன்ன சாலை, இன்ன கடைக்கு எதிர் நடைபாதை என்று உள்ளபடியே எழுதி வகுப்பில் உட்காரவையுங்கள். டி.சி. பிறகு வரட்டும்.