கணக்கு எந்தக் கோப்பில் நிற்கிறது?

நிரல் எழுதவும் புள்ளியியல் கணக்குப் போடவும் எந்த எடிட்டர் நல்லது என்று கேட்டால், வசதிகளை அடுக்கிச் சொல்வதே வழக்கமாக இருக்கிறது. நான் வேறொன்றை முதலில் கேட்கச் சொல்வேன். செய்த கணக்கின் ஒவ்வொரு படியும், இன்னொருவர் படித்து மறுபடி ஓட்டிப் பார்க்கும்படி எழுத்தாக நிற்கிறதா? இது ஏன் முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம். ரைன்ஹார்ட், ரோகாஃப் என்ற பொருளாதார அறிஞர்கள் 2010-இல் நாடுகளின் கடனையும் வளர்ச்சியையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அவர்களது எக்செல் தாளில் சராசரிக்கான வாய்பாடு ஐந்து வரிசைகளுக்கு முன்பே நின்றுவிட்டதால் ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் விடுபட்டுப்போயின. தாமஸ் ஹெர்ன்டன் என்ற ஆய்வு மாணவர் அந்தத் தாளையே கேட்டு வாங்கிப் பார்த்த பிறகு, 2013-இல்தான் இது ஊரறிய வெளிவந்தது.

எழுதிய நிரலில் மட்டும் பிழை வராதா என்று கேட்கலாம். வரும். ஆனால் எக்செலில் வாய்பாடு கட்டத்துக்குள் மறைந்திருக்கிறது. நிரலில் அது வரியாகக் கண்ணெதிரே இருக்கிறது. படிகளை நிரலாக எழுதிவைக்கும் வழக்கத்தை நல்ல எடிட்டர் எளிதாக்கும். புள்ளியியலுக்கான ஆர் என்ற நிரல்மொழிக்குரிய ஆர்ஸ்டூடியோ எடிட்டரில் ஒரு வரியில் கர்சரை வைத்து, கன்ட்ரோல் விசையோடு என்டரை அழுத்தினால் அந்த வரி ஓடி, விடை கீழே வந்துவிடும். வரியும் கோப்பிலேயே இருக்கும். ஓர் எச்சரிக்கையும் உண்டு. கோப்பிலிருந்து அழித்த வரி உருவாக்கிய மதிப்பு, கணினியின் நினைவில் தங்கியிருக்கலாம். ஆகவே பழைய நினைவைத் தொடக்கத்தில் மீட்டெடுக்கும் அமைப்பை அணைத்துவிடுங்கள்.

ஈமேக்ஸ், விம் போன்ற எடிட்டர்கள்தான் வல்லுநர்களுக்கு உரியவை என்பாரும் உண்டு. கைபழகியவருக்கு அவை பெரும் வலிமை. பழக நாளாகும் என்பதும் உண்மை. புள்ளியியல் மட்டும் செய்பவருக்கு ஆர்ஸ்டூடியோ போதும். பல நிரல்மொழிகளில் எழுதுபவருக்கு வி.எஸ். கோட் என்ற எடிட்டர் பொருந்தும். எடிட்டர்கள் வரும், போகும். ஆட்டம் என்ற எடிட்டரை 2022 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். ஆனால் அதில் எழுதிய நிரல்களை இன்றும் எந்த எடிட்டரிலும் திறக்கலாம். எனவே எதைத் தேர்ந்தாலும் ஒரு சோதனை செய்யுங்கள். எல்லாவற்றையும் மூடிவிட்டு மறுபடி திறந்து, நிரலை முதல் வரியிலிருந்து ஓட்டுங்கள். அதே விடை வந்தால் கணக்கு உங்கள் கையில் இருக்கிறது. வராவிட்டால், எடிட்டரை மாற்றுவதற்கு முன் எழுதும் பழக்கத்தை மாற்றுங்கள்.