செறிவறிந்து கரைத்தல்
(புதுச்சேரி மாணவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கரைந்த பொருளின் அளவைக் கரைசலின் அளவால் வகுத்தால் வருவதே செறிவு. கணக்கு எளிது, பிழைத்தாலோ உயிர்க்கே இடர்.

1971இல் வங்கப் போரால் எல்லை கடந்த ஏதிலியரைப் பங்கான் நகரில் காலரா என்னும் கக்கல்கழிச்சல் வாட்டியது. ஊசிவழி ஏற்றும் உப்புநீர் போதவில்லை. மருத்துவர் திலீப் மகலனோபிசு, ஒரு லிட்டர் நீருக்குக் குளுக்கோசு 22 கிராம், உப்பு 3.5 கிராம், சோடா உப்பு 2.5 கிராம் எனக் கலந்து பருகத் தந்தார். சாவு பெரிதும் குறைந்தது.

2002இல் உலக நலவாழ்வு நிறுவனம் செறிவைக் குறைத்து வகுத்தது. லிட்டருக்குக் குளுக்கோசு 13.5 கிராம். அதன் மோல் நிறை 180. 13.5ஐ 180ஆல் வகுக்க 0.075 மோல், அஃதாவது 75 மில்லிமோல். சோடியமும் அதே 75. இரண்டும் இணைந்து குடற்சுவரைக் கடக்கும்; நீர் அவற்றைப் பின்தொடரும்.

ஒரு லிட்டருக்குரிய பொட்டலத்தை அரை லிட்டரில் கரைத்தால் செறிவு 150 ஆகும். மிகுசெறிவு உடல்நீரைக் குடலுக்குள் இழுக்கும், கழிச்சல் பெருகும். இரண்டு லிட்டரில் கரைத்தால் 37.5, இழந்த உப்பு ஈடாகாது.

லிட்டரை 1795இல் வகுத்தது பிரெஞ்சு நாடு. அதன் ஆட்சி 1954இல் புதுவையை விட்டகன்றது. அளவு உலகெங்கும் நின்றது. அளவு யாருடையதாயினும் கொள்வோம்; அதனைத் தாய்க்கு உணர்த்தும் மொழி தமிழாதல் வேண்டும். "ஒரு லிட்டர் நீரில் முழுவதும் கரைக்க" என்னும் ஒரு தொடர், பொட்டலத்தின்மேல் தெளிதமிழில் இருப்பின், ஒரு மகவு பிழைக்கும்.